ஷிம்மைக் கழற்றுவதும் கம்ப்ரஸரை மாற்றுவதும்

காலையில் கிளம்பும்போது ஏசி ஜில்லென்று வீசும். வெயில் ஏறிய பிறகு சென்னையின் கத்திப்பாரா நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்தால் காற்று மட்டும் வரும், குளிர் வராது. வண்டியை நிழலில் கொஞ்ச நேரம் போட்டுவிட்டு எடுத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி குளிரும். ‘கேஸ் குறைஞ்சிருக்கும் சார்’ என்பதுதான் இதற்குக் கிடைக்கும் முதல் பதில். குறைந்த கேஸ் நிழலில் நின்றதால் கூடிவிடாது என்பதை யோசித்தாலே அந்தப் பதில் பொருந்தவில்லை என்று தெரிந்துவிடும். ஓய்வு கொடுத்தால் சரியாகிற கோளாறு என்றால், சந்தேகப்பட வேண்டிய இடம் கம்ப்ரஸரின் முகப்பில் இருக்கும் காந்தக் கிளட்ச்.

இந்தக் கிளட்சுக்குப் பட்டறைகளில் இரண்டு வைத்தியம் உண்டு. ஒன்று, கிளட்ச் பிளேட்டைக் கழற்றி, அதன் பின்னால் தண்டில் கோத்திருக்கும் மெல்லிய எஃகு வளையங்களில் ஒன்றை எடுத்துவிட்டு மறுபடி மாட்டுவது. அந்த வளையத்தின் பெயர் ஷிம். பெரும்பாலும் 0.1 மில்லிமீட்டர் முதல் 0.5 மில்லிமீட்டர் வரை கனம் இருக்கும். மற்றது, கேஸை இறக்கி, கம்ப்ரஸரையே கழற்றிப் புதியதைப் பூட்டி, வேக்குவம் போட்டு, கேஸ் நிரப்புவது. முன்னதை ஒட்டுவேலை என்றும் பின்னதை முறையான வேலை என்றும் பிரித்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. செலவை வைத்துப் பார்த்தால் அந்தப் பிரிப்பு சரிதான். கோளாறை வைத்துப் பார்த்தால் அது நிற்காது. ஷிம் வேலை, பிடிக்கிற பிளேட்டின் பலவீனத்துக்கு மருந்து. கம்ப்ரஸர் மாற்றம், பிடிக்கப்படுகிற தண்டின் முரண்டுக்கு மருந்து. ஒன்றுக்குரியதை மற்றதற்குக் கொடுத்தால் பலிக்காது.

புல்லி, எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் பெல்ட்டோடு சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் அது கம்ப்ரஸரின் தண்டோடு பூட்டியதில்லை; ஒரு பேரிங்கின் மேல் தனியாகச் சுற்றுகிறது. தண்டின் முனையில் இருப்பது பிளேட். புல்லி முகத்துக்கும் பிளேட்டுக்கும் நடுவே நான்கைந்து காகிதத் தாள் கனத்துக்கு இடைவெளி. புல்லிக்குப் பின்னால் அசையாமல் பொருத்திய செம்புக் காயில். பட்டனை அழுத்தியதும் காயில் காந்தமாகிறது, பிளேட் ‘டக்’கென்று புல்லியோடு ஒட்டுகிறது, தண்டு சுற்றத் தொடங்குகிறது. மின்சாரம் நின்றதும் பிளேட்டின் ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்கு இழுத்துவிடுகிறது. இந்த ஏற்பாடு தொடக்கத்திலிருந்தே இருந்ததல்ல. 1940ஆம் ஆண்டு மாடலாக வந்த பேக்கார்ட் கார்களின் ஏசியில் கிளட்ச் கிடையாது. குளிர் போதும் என்று தோன்றினால் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பானட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்ற வேண்டும். அந்தத் தொல்லையைத் தீர்க்க வந்த பிளேட்தான் இப்போது நம் வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது.

ஒவ்வொரு முறை ஒட்டும்போதும் ஒரு கணம் பிளேட் தேய்கிறது. ஓடும் புல்லியும் நிற்கும் பிளேட்டும் ஒரே வேகத்துக்கு வந்து சேரும் வரையிலான தேய்வு அது. நகர ஓட்டத்தில் கிளட்ச் நிமிடத்துக்குச் சில தடவை கூட விட்டு விட்டுப் பிடிக்கும். ஆண்டுக்கணக்கில் இது நடக்கும்போது 0.4, 0.5 மில்லிமீட்டராக இருந்த இடைவெளி 0.8, 0.9 என்று விரிகிறது. அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இந்த வித்தியாசத்தை அற்பம் என்று நினைப்பவர்கள் காந்தத்தின் கணக்கை மறந்துவிடுகிறார்கள். இழுவிசை, இடைவெளியின் வர்க்கத்துக்கு ஏறக்குறைய எதிர்விகிதத்தில் குறையும். இடைவெளி இரண்டு மடங்கானால் விசை பாதியாவதோடு நிற்காது, கால்வாசிக்கு அருகில் இறங்கிவிடும்.

வெயிலின் பங்கு இதன் மேல் ஏறுகிறது. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.39 விழுக்காடு கூடும். சாதாரண அறை வெப்பத்தில் 3.6 ஓம் காட்டும் காயில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் அதில் 3.3 ஆம்பியர் ஓடும். தன் சொந்தச் சூடும் எஞ்சின் சூடும் சேர்ந்து காயில் 120 டிகிரிக்குப் போனால் தடை 5 ஓம் ஆகிறது, மின்னோட்டம் 2.4 ஆம்பியருக்கு இறங்குகிறது. விசை மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் காந்தத்தின் பலம் பாதியாகிவிட்டது என்று பொருள். இதோடு சிக்னலில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது ரேடியேட்டர் ஃபேன், ஏசி புளோயர் எல்லாம் மின்சாரத்தை இழுக்க, ஆல்டர்னேட்டர் தரும் வோல்ட்டேஜும் சற்றுத் தளரும். காலையில் விரிந்த இடைவெளியையும் தாண்டி இழுத்த காயில், நண்பகலில் அதே இடைவெளியைத் தாண்ட முடியாமல் தோற்கிறது. நிழலில் ஆறியதும் தடை குறைந்து மறுபடி வெல்கிறது. மாயம் எதுவுமில்லை.

இங்கேதான் ஒப்பீட்டின் முக்கியமான முடிச்சு இருக்கிறது. பிளேட் ஒருமுறை ஒட்டிவிட்டால் இடைவெளி பூச்சியம். அப்போது காந்தத்தின் பிடி, தொலைவிலிருந்து இழுத்தபோது இருந்ததைவிடப் பல மடங்கு பெரியது. ஆகவே இடைவெளி விரிந்த கிளட்ச் பெரும்பாலும் பிடிக்கவே தவறும். பிடித்துவிட்டால் பெரும்பாலும் விடாது. மாறாக, பிடித்த பிறகு வழுக்குகிற கிளட்ச் ஒன்று உண்டு. பிளேட் புல்லியோடு சேர்ந்தே சுற்றும், ஆனால் அதைவிட மெதுவாகச் சுற்றும். கீச்சென்ற அலறல் வரும், கருகிய வாடை வரும், பிளேட்டின் முகம் நீலம் பாய்ந்திருக்கும். முதல் வகை வண்டிக்காரர் ‘திடீர்னு சூடா வருது’ என்பார். இரண்டாவது வகை வண்டிக்காரர் ‘ஏதோ தீயற மாதிரி இருக்கு’ என்பார். பட்டறையில் இரண்டுமே ‘கிளட்ச் ஸ்லிப்’ என்ற ஒரே கணக்கில் எழுதப்படும். பிழையான வைத்தியத்தின் பாதி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

வழுக்கலுக்குக் காரணம் பிளேட்டின் முகத்தில் எண்ணெய் படிந்ததாக இருக்கலாம். தண்டின் சீல் கசிந்து கம்ப்ரஸர் ஆயில் வந்திருக்கும், அல்லது மேலே எஞ்சினிலிருந்து ஒழுகியிருக்கும். பல தடவை காரணம் பாரம்தான். கண்டன்சர் ஃபேன் ஓடாமல் போனால், அல்லது எடை பார்க்காமல் கேஸ் அதிகமாக ஏற்றியிருந்தால், உயர் அழுத்தப் பக்கத்தில் அழுத்தம் எகிறி, தண்டைச் சுழற்றத் தேவையான முறுக்கு கிளட்சின் சக்தியை மீறிவிடும். அதைவிட மோசம், கம்ப்ரஸர் உள்ளே பிஸ்டன் உரசிப் பிடித்துக்கொள்வது. டொயோட்டாவின் சில மாடல்களில் கம்ப்ரஸரின் சுழற்சியை எஞ்சின் சுழற்சியோடு ஒப்பிட ஒரு சென்சார் உண்டு. கம்ப்ரஸர் பின்தங்குவது தெரிந்தால் பெல்ட்டைக் காப்பாற்ற கிளட்சை அதுவே துண்டித்து, ஏசி விளக்கை மினுக்கும். அந்த மினுக்கலைப் பார்த்து ஷிம் கழற்றப் புறப்பட்டவர், கம்ப்ரஸர் இறுகிக் கிடந்தால், பிடியை இறுக்கி பெல்ட்டை அறுத்துக்கொள்வார்.

எந்த வகை என்று பிரித்தறிய விலை உயர்ந்த கருவி வேண்டாம், ஒரு மல்டிமீட்டரும் கொஞ்சம் பொறுமையும் போதும். குளிர் நின்றுபோன அந்தச் சூடான நேரத்திலேயே சோதிக்க வேண்டும். பட்டறைக்கு வந்து ஆறிய பிறகு பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். முதல் கேள்வி, காயிலின் கனெக்டருக்கு மின்சாரம் வருகிறதா என்பது. வரவே இல்லை என்றால் கிளட்சின் மேல் பழி இல்லை. பிரஷர் சுவிட்ச், ரிலே, வயரிங் பக்கம் போக வேண்டும். 10 வோல்ட், 10.5 வோல்ட் என்று இளைத்து வந்தால் ரிலேயின் காண்டாக்ட் கருகியிருக்கலாம். அதே வகையான ஹாரன் ரிலேயை இடம் மாற்றிப் பார்ப்பது பட்டறைகளின் பழைய தந்திரம், நல்ல தந்திரமும்கூட. நல்ல வோல்ட்டேஜ் வந்தும் பிளேட் அசையவில்லை என்றால், எஞ்சினை அணைத்துவிட்டு, கனெக்டரைக் கழற்றி, ஃபியூஸ் வைத்த வயர் ஒன்றால் பேட்டரியிலிருந்து காயிலுக்கு நேராக மின்சாரம் கொடுக்கலாம். ‘டக்’ சத்தம் வராமல், ஒரு குச்சியால் பிளேட்டை லேசாகத் தள்ளியதும் போய் ஒட்டிக்கொண்டால் இடைவெளிதான் குற்றவாளி. சிலர் ஓடும் எஞ்சினில் ஸ்குரூடிரைவர் முனையால் தட்டிப் பார்ப்பார்கள். பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் நடுவே கையை விடும் அந்த வீரம் தேவையில்லை.

மின்சாரத்தைத் துண்டித்த பிறகு பிளேட்டைக் கையால் சுற்றிப் பார்ப்பது அடுத்தது. நல்ல கம்ப்ரஸர் சற்றே எதிர்த்து, வழுவழுவென்று சுற்றும். கரகரத்தாலோ, ஓரிடத்தில் தடுக்கினாலோ, அசையவே மறுத்தாலோ ஷிம் பற்றிய பேச்சு அங்கே முடிந்தது. எளிதாகச் சுற்றினால் இடைவெளியை அளக்க ஃபீலர் கேஜை எடுக்கலாம். தயாரிப்பாளர்கள் தரும் அளவு வகைக்கு வகை மாறும். 0.35 முதல் 0.6 மில்லிமீட்டர் என்பது பரவலாகக் காணப்படுவது. சாண்டென் வகைகள் சிலவற்றில் 0.4 முதல் 0.8 வரை ஒப்புக்கொள்வார்கள். வட்டத்தில் மூன்று இடங்களிலாவது அளக்க வேண்டும். மூன்றும் ஒன்றுக்கொன்று மிகவும் மாறினால் பிளேட் வளைந்திருக்கிறது, அல்லது புல்லியின் பேரிங் ஆடுகிறது.

ஷிம் வேலையின் அழகு, அது கேஸைத் தொடுவதே இல்லை என்பதில் இருக்கிறது. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, பிளேட் சுற்றாமல் பிடித்துக்கொண்டு, நடுவில் உள்ள ஒற்றை போல்ட்டை எடுத்தால் பிளேட் தண்டின் பற்களிலிருந்து உருவி வரும். துருவில் இறுகியிருந்தால், பல வகைகளில் பிளேட்டின் மையப் பகுதியான ஹப்பின் நடுவே போல்ட்டைவிடப் பெரிய மரை ஒன்று வெட்டியிருக்கும். அதில் பொருத்தமான போல்ட்டை முறுக்கினால் அதுவே பிளேட்டை வெளியே தள்ளிவிடும். இரண்டு ஸ்குரூடிரைவர்களை இருபுறமும் கொடுத்து நெம்புகிறவர்கள் பிளேட்டை வளைத்துவிட்டு, பிறகு கம்ப்ரஸரே போய்விட்டது என்று தீர்ப்பு எழுதுவார்கள். தண்டின் மேலோ ஹப்பின் குழிக்குள் எண்ணெயில் ஒட்டியோ ஷிம்கள் இருக்கும். அளந்த இடைவெளிக்கும் வேண்டிய இடைவெளிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு அந்தக் கனத்தைக் குறைக்க வேண்டும். 0.85 இருந்து 0.45 வேண்டுமானால் 0.4 மில்லிமீட்டர் போக வேண்டும். மைக்ரோமீட்டரில் அளந்து எடுக்காமல், கையில் வந்த ஒன்றைக் குத்துமதிப்பாக எடுப்பதால்தான் இந்த வேலைக்குக் கெட்ட பெயர் வந்தது. போல்ட் சின்னது, வீல் நட்டை முறுக்குவதுபோல் முறுக்கினால் அறுந்துவிடும்.

அளவுக்கு மீறி எடுத்தாலும் வினைதான். இடைவெளி 0.3 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ஏசியை அணைத்த பிறகும் பிளேட் புல்லியின் முகத்தை உரசிக்கொண்டே இருக்கும். உரசல் சூடாகும், சூட்டில் பேரிங்கின் கிரீஸ் உருகி வெளியேறும், ஊளையிடும் பேரிங் சீக்கிரமே காயிலையும் இழுத்துக்கொண்டு போகும். ஆகவே மாட்டியதும் புல்லியைக் கையால் சுற்றி எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்வது கட்டாயம். இன்னும் சில வரம்புகள் உண்டு. நீலம் பாய்ந்து வளைந்த பிளேட், எண்ணெய் குடித்த முகம், ரப்பர் இறுகிப்போன ஹப், வெந்துபோன காயில் ஆகியவற்றை ஷிம் காப்பாற்றாது. சில காயில்களுக்குள் வெப்ப ஃபியூஸ் ஒன்று புதைந்திருக்கும். தொடர்ந்த வழுக்கலின் சூட்டில் அது அறுந்தால் மல்டிமீட்டர் எல்லையற்ற தடையைக் காட்டும், மின்சாரம் ஓடாது.

கம்ப்ரஸர் மாற்றம் முற்றிலும் வேறு உலகம். அங்கே கிளட்ச் சின்ன விஷயம். அடைத்து வைத்த குழாய் உலகம் முழுவதும் திறக்கப்படுகிறது என்பதே பெரிய விஷயம். ஆர்134ஏ கேஸோடு ஓடும் பிஏஜி ஆயில் ஈரத்தைக் காற்றிலிருந்து குடிக்கும். அதனால் ஈரம் உறிஞ்சும் டிரையரையும் ஓ-ரிங்குகளையும் மாற்ற வேண்டும், அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வேக்குவம் இழுக்க வேண்டும், கேஸை எடை பார்த்து ஏற்ற வேண்டும். புதிய கம்ப்ரஸர் பலவும் முழு அமைப்புக்கும் தேவையான ஆயிலோடு வருகின்றன. பழைய ஆயிலின் ஒரு பகுதி குழாய்களிலும் கண்டன்சரிலும் தங்கியிருக்கும். பழைய கம்ப்ரஸரிலிருந்து வடிந்த அளவைப் பார்த்துப் புதியதிலிருந்து மிகுதியை வடிக்காமல் பூட்டினால் ஆயில் கூடிப்போய்க் குளிர் குறையும். பழையது உள்ளே நொறுங்கியிருந்தால் உலோகத் துகள் கண்டன்சரின் மயிரிழைக் குழாய்களில் அடைந்திருக்கும். இப்போதைய கண்டன்சர்களைக் கழுவி அதை எடுக்க முடியாது. கண்டன்சரையும் சேர்த்தே மாற்றியாக வேண்டும். இவ்வளவையும் செய்தால்தான் அது முறையான வேலை. கம்ப்ரஸரை மட்டும் மாற்றி, மீட்டர் முள்ளைப் பார்த்து கேஸ் ஏற்றி அனுப்புவதை ஒழுங்காக அளந்து செய்த ஷிம் வேலையைவிட உயர்ந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, பில்லில் வராத கணக்கு. ஆர்134ஏ ஒரு கிலோ காற்றில் கலந்தால், நூறாண்டுக் கணக்கில் 1,430 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடாகப் பூமியைச் சூடாக்கும். சிறிய காரின் ஏசியில் அரை கிலோ இருக்கிறது என்று வைத்தால் 715 கிலோ. ஏறக்குறைய 300 லிட்டர் பெட்ரோல் எரித்ததற்குச் சமம். அமெரிக்காவில் இதைத் திறந்துவிடுவது 1995இலிருந்து சட்டப்படி குற்றம். இயந்திரத்தில் உறிஞ்சிச் சேமிக்க வேண்டும். நம் ஊர்ச் சாலையோரப் பட்டறைகள் பலவற்றில் வால்வைத் திறந்து ‘புஸ்’ஸென்று விடுவதுதான் நடைமுறை. அரை மில்லிமீட்டர் தேய்மானத்துக்காக அந்த ‘புஸ்’ தேவையா என்பது நியாயமான கேள்வி.

அப்படியிருந்தும் பெரிய சர்வீஸ் சென்டர்கள் மாற்றத்தையே சொல்வதில் பேராசை மட்டும் இருப்பதாக நினைப்பது அநியாயம். பல வண்டிகளுக்கு உதிரிப்பாகப் பட்டியலில் கிளட்ச் தனியாக இருக்காது, முழு கம்ப்ரஸர்தான் இருக்கும். ஷிம் வேலைக்கு வாரண்டி கொடுக்க முடியாது. மூன்று மாதத்தில் வாடிக்கையாளர் வேறு ஏதோ கோளாறோடு திரும்பி வந்தாலும் ‘அன்னைக்கே சரியா செய்யல’ என்றுதான் சண்டை பிடிப்பார். ஒரு மணி நேர உழைப்புக்கு நியாயமான கூலி கேட்டால், ‘ஒரு வாஷர் எடுத்ததுக்கா இவ்ளோ’ என்கிறவர்களும் நாமே. பொருளுக்குத் தயங்காமல் கொடுப்போம், கணக்கிட்டு அளந்த கைக்குக் கொடுக்க மனம் வராது.

இரண்டுக்கும் நடுவே பலர் மறந்துவிடும் வழி ஒன்று உண்டு: பிளேட், புல்லி, காயில் மூன்றும் சேர்ந்த கிளட்ச் செட்டை மட்டும் மாற்றுவது. கம்ப்ரஸர் நன்றாகச் சுற்றி, பிளேட் மட்டும் கருகியிருந்தால் இதுவே பொருத்தம். பல வண்டிகளில் கம்ப்ரஸரின் பிடிப்பு போல்ட்டுகளை எடுத்து, ஹோஸ்களைக் கழற்றாமலே சற்று முன்னே சாய்த்து இதைச் செய்துவிடலாம். சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு கடைகளில் விசாரித்தால் ஓரளவு பரவலான வண்டிகளுக்குச் செட் கிடைக்கலாம். புதுப்பேட்டையில் பிரித்த வண்டியின் கம்ப்ரஸரை வாங்கி முழுதாகவே மாற்றும் நான்காவது வழியும் இருக்கிறது. அதில்தான் எனக்கு நம்பிக்கை குறைவு. வாய்களை மூடாமல் அலமாரியில் கிடந்த கம்ப்ரஸர், மழைக்காலம் ஒன்றைத் தாண்டியிருந்தால், ஈரத்தை வயிறு முட்டக் குடித்திருக்கும். அதைப் பூட்டுவதற்காக நல்ல கேஸையும் இறக்குவது இரட்டை நஷ்டம்.

எல்லா வண்டியிலும் இந்தத் தேர்வு கிடையாது. ஜெனரல் மோட்டார்ஸின் பழைய ஹாரிசன் கம்ப்ரஸர்களில் ஹப் தண்டின் மேல் இறுக்கி அழுத்தப்பட்டிருக்கும். ஷிம் இல்லை, தனிக் கருவியால் எவ்வளவு ஆழம் அழுத்துகிறோமோ அதுவே இடைவெளி. புதிய ஐரோப்பிய வகை வண்டிகள் பலவற்றில் காந்தக் கிளட்சே கிடையாது. புல்லியும் தண்டும் எப்போதும் சேர்ந்தே சுற்றும், தேவையில்லாதபோது கம்ப்ரஸர் தன் பிஸ்டன்களின் ஓட்டத்தை ஏறக்குறைய பூச்சியத்துக்குச் சுருக்கிக்கொள்ளும். உள்ளே இறுகினால் பெல்ட்டைக் காக்க முகப்பில் உடைந்துபோகிற ஹப் ஒன்று வைத்திருப்பார்கள். அது உடைந்து புல்லி மட்டும் சுற்றுவதைப் பார்த்து ‘கிளட்ச் ஸ்லிப்’ என்று ஷிம் தேடினால் கிடைக்காது. மின்சார மோட்டாரே கம்ப்ரஸரைச் சுழற்றும் ஹைபிரிட் வண்டிகளுக்கு இந்தக் கட்டுரையில் வேலையே இல்லை.

ஷிம் கொண்ட கிளட்ச் உள்ளவர்கள் எடுத்த ஷிம்மைத் தூக்கி எறியக்கூடாது. எண்ணெய் தடவி ஒரு சிறு கவரில் போட்டு, முன்பிருந்த அளவையும் பிந்தைய அளவையும் அதன் மேல் எழுதி வண்டியின் புத்தகத்தோடு வைத்துக்கொள்ளலாம். சில ஆண்டுகள் கழித்துப் புதிய பிளேட் வாங்கினால் அது தேயாத முழுக் கனத்தோடு வரும். ஷிம் இல்லாமல் மாட்டினால் புல்லியோடு ஒட்டி உரசும். அன்றைக்கு 0.1 மில்லிமீட்டர் வளையத்தைத் தேடிக் கடைகடையாக அலைய நேரிடும்.